முதல் தடவை டை அடிக்கப் போகிறீர்களா? பிபிடி பற்றித் தெரிந்துகொண்டு அடியுங்கள்

என் பெரிய மாமாவுக்கு அப்போது 54 வயது. கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு மண்டபத்தில் மகள் கல்யாணம். முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம், பந்தல்காரரிடமும் சமையல்காரரிடமும் பேசி முடித்த கையோடு, எப்போதும் அடிக்கிற அதே பாக்கெட் டையை வாங்கித் தலைக்கும் மீசைக்கும் அடித்துக்கொண்டார். ராத்திரி பத்து மணிக்குக் காதோரம் அரிக்கிறது என்றார். "கொசு கடிச்சிருக்கும் கண்ணு, நீ போய்த் தூங்கு" என்று என்னையும் அனுப்பிவிட்டார். விடியற்காலை மூணரைக்கு எழுப்பப் போனால் அவருக்கு இரண்டு கண்ணும் திறக்கவில்லை. இமை இரண்டும் பணியாரம் மாதிரி உப்பியிருந்தது, நெற்றி நீர் கோத்துப் பளபளவென்று இருந்தது, காது மடலிலிருந்து மஞ்சளாக வடிந்து தலையணை உறை ஒட்டிக்கொண்டிருந்தது. கல்யாணச் சடங்கை நடத்தி வைக்கிற அருமைக்காரர் வந்து காத்திருக்கிறார், நேரம் போகிறது, வேறு வழியில்லாமல் இரண்டு பேர் முழங்கையைப் பிடித்து மாமாவை மணமேடைக்குக் கூட்டிப்போனார்கள். மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தார். மகள் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

"ஆறு வருசமா இதையேதான அடிக்கறேன், இப்ப மட்டும் எப்படி?" என்றுதான் அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் டையில் இருக்கிற பிபிடி என்ற ரசாயனத்தைப் பற்றி நான் இதையெல்லாம் படித்தேன். நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் வேலை பார்க்கிறேன், துணி வாங்குகிற பையர் கேட்கிற கலருக்கு லேப் டிப், அதாவது சின்னத் துணித் துண்டில் மாதிரிச் சாயம் போடுவது என் வேலை. சாயப் பவுடரை எடைபோடும் அறைக்குள் கையுறையும் மாஸ்கும் இல்லாமல் யாரையும் விடமாட்டோம். அப்படிப்பட்ட நாங்களே வீட்டுக்குப் போனால் வெறும் விரலில் டையைக் குழைத்து மண்டையில் தேய்த்துக்கொள்கிறோம். முதல் நரை கண்டு, டை அடிக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக, செய்ய வேண்டியதை வரிசையாக எழுதுகிறேன். ஏற்கெனவே அடித்துக்கொண்டிருப்பவர்களும் படியுங்கள், மாமா கதை அவர்களுக்கானதுதான்.

முதலில், இந்த பிபிடி என்ன செய்கிறது

முழுப் பெயர் பாரா-பினைலின்டையமின். நூறு வருசத்துக்கும் மேலாகத் தலைச்சாயத்தில் இருக்கிற செயற்கை ரசாயனம். கருப்பு, அடர் பழுப்பு என்று நிலைத்து நிற்கிற கலர் எது வாங்கினாலும் பெரும்பாலும் இதுவோ இதன் உறவுக்கார ரசாயனமோ உள்ளே இருக்கும். இதற்கென்று தனியாகக் கருப்பு நிறம் கிடையாது. மூலக்கூறு ரொம்பச் சின்னது, அதனால் முடிக்குள் எளிதாக நுழைந்துவிடும். அம்மோனியா முடியின் மேல் செதிலை விரித்துவிடும், டையோடு கலப்பதற்காகத் தருகிற டெவலப்பரில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு பிபிடியை ஆக்சிஜனோடு சேரவைக்கும், அப்போது அது பக்கத்தில் இருக்கும் மற்ற ரசாயனங்களோடு கைகோத்துப் பெரிய கருப்பு மூலக்கூறாக மாறி வெளியே வர முடியாமல் முடிக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். பருத்தித் துணியில் சோடா ஆஷ் போட்டுச் சாயத்தைப் பிடிக்க வைக்கிறோமே, அதைப் போன்ற ஒரு வேலைதான், ஆனால் இங்கே துணிக்கு அடியில் உயிருள்ள தோல் இருக்கிறது.

வேலை முழுசாக முடிந்து முடிக்குள் அடங்கிவிட்ட சாயம் பெரிய தொந்தரவு தராது. பாதி வினையில் இருக்கும்போது தோலில் படுகிற பிபிடிதான் சிக்கல். அது தோலுக்குள் போய் அங்கே இருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். சிலருடைய உடம்பு அதைப் பகையாளி என்று குறித்து வைத்துக்கொள்ளும். குறித்து வைப்பது முதல் தடவையிலும் நடக்கலாம், முப்பதாவது தடவையிலும் நடக்கலாம். ஒரு தடவை குறித்துவிட்டால் பொதுவாக ஆயுசுக்கும் மறக்காது. அடுத்த தடவை டை பட்டதும் சில மணி நேரத்திலிருந்து இரண்டு மூன்று நாளுக்குள் அரிப்பு, தடிப்பு, வீக்கம், கொப்புளம் என்று காட்டும். மாமாவின் கேள்விக்கு இதுதான் பதில். ஆறு வருசம் ஒன்றும் ஆகவில்லை என்பதால் ஏழாம் வருசமும் ஆகாது என்று சொல்ல முடியாது.

இன்னொன்று, வீக்கம் மண்டையில்தான் வரும் என்று நினைக்காதீர்கள். மண்டைத் தோல் தடிமன், தாங்கிவிடும். இமை, காது, நெற்றியோரம், பின்கழுத்து, இங்கேதான் முதலில் தெரியும். அதனால்தான் பலர் கொசு, வேர்க்குரு, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வேறு எதையாவது சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லோருக்கும் வருமா என்றால், வராது. அடிக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் வருகிறவர்களுக்கு வருவது கடுமையாக வரும், யாருக்கு என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் தொடுதோல் அலர்ஜி மருத்துவர்கள் சங்கம் வருசத்துக்கு ஒரு பொருளைக் கவனிக்க வேண்டிய அலர்ஜிப் பொருளாக அறிவிக்கும், 2006-இல் அறிவித்தது பிபிடியைத்தான்.

படி 1: அட்டையின் முன்பக்கத்தை விடுங்கள், பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கம் விளம்பரம். "ஹெர்பல்", "நேச்சுரல்", "ஆயுர்வேத", "அம்மோனியா இல்லை", "மருதாணி கலந்தது" என்று எது எழுதியிருந்தாலும் பிபிடி இல்லை என்று ஆகிவிடாது. அம்மோனியா இல்லை என்றால் அம்மோனியாவுக்குப் பதிலாக வாசம் குறைந்த வேறு காரத்தைப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம், பிபிடி அப்படியே உள்ளே இருக்கலாம். மளிகைக் கடையில் சரம் சரமாகத் தொங்குகிற ஷாம்பு டை இருக்கிறதே, தலையில் தேய்த்து ஐந்து பத்து நிமிசத்தில் கருப்பாக்குகிறது, அதைப் பலரும் ஷாம்புதானே என்று நினைத்து வாங்குகிறார்கள். அதுவும் டைதான்.

பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கும், வீட்டில் படிக்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள், செல்போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கினால் தெரியும். தேட வேண்டிய பெயர்கள்: பி-பினைலின்டையமின், பாரா-பினைலின்டையமின், 1,4-டையமினோபென்சீன், 1,4-பென்சீன்டையமின். பெயர் குழப்பமாக இருந்தால் 76060 என்ற எண்ணைத் தேடுங்கள், அது இதன் சாய எண். சில பொருளில் 106-50-3 என்று போட்டிருப்பார்கள், அதுவும் இதேதான்.

"பிபிடி ஃப்ரீ" என்று போட்டிருந்தால்கூட அடுத்த வரியில் டொலுவீன்-2,5-டையமின் என்று இருக்கிறதா பாருங்கள். அது பிபிடியின் பங்காளி. பிபிடி ஒத்துக்கொள்ளாத நிறையப் பேருக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாது.

பெயர் எதுவுமே போடாத டை, எடை போட்டு உதிரியாகத் தருகிற பவுடர், தேதி அழிந்த பாக்கெட், இவற்றை வாங்கவே வாங்காதீர்கள். ஐரோப்பாவில் கலந்து முடித்துத் தலையில் வைக்கும்போது பிபிடி 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. பெயரே இல்லாத பவுடரில் எத்தனை சதவீதம் என்று யாரைப் போய்க் கேட்பது?

நம் நாட்டுச் சட்டத்திலும், பிபிடி இருக்கும் தலைச்சாயத்தின் மேல் எச்சரிக்கை எழுதியாக வேண்டும், ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும். தோலில் முதலில் சோதித்துப் பார், புருவத்துக்கும் இமைக்கும் போடாதே, போட்டால் பார்வையே போகலாம் என்பது அதன் சாரம். அந்தத் துண்டுச் சீட்டு பாக்கெட்டுக்குள் நாலாக மடிந்து கிடக்கும். கையுறையை எடுத்துக்கொண்டு சீட்டைக் குப்பையில் போடுகிறோம்.

படி 2: நீங்கள் அடிக்கலாமா என்று பாருங்கள்

முன்னால் எப்போதாவது டை அடித்து அரிப்போ வீக்கமோ வந்திருந்தால், லேசாக வந்திருந்தால்கூட, நிறுத்திக்கொள்ளுங்கள். பிராண்டை மாற்றிப் பார்க்கலாம் என்பது வேண்டாம்.

கருப்பு மருதாணி வைத்துக் கை பொரிந்தவர்களும் இதே கணக்கு. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். அசல் மருதாணிக்குக் கருப்பு நிறம் கிடையாது. அதில் இருக்கிற லாசோன் என்ற நிறமி ஆரஞ்சில் தொடங்கிச் செம்மை, அடர் பழுப்பு வரைக்கும்தான் போகும், அதற்கும் மணிக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். நோம்பி, திருவிழாக் கடையிலோ கல்யாண வீட்டிலோ அரை மணி நேரத்தில் கரிக்கட்டையாகக் கறுக்கிற கோன் இருந்தால் அதற்குள் பிபிடி கலந்திருக்கக் கூடும், அதுவும் தலைச்சாயத்துக்கு அனுமதித்த அளவைவிடப் பல மடங்கு. பத்து வயதில் அப்படி ஒரு கோன் வைத்துக் கையில் கோலம் போட்ட வடிவிலேயே கொப்புளம் வந்த குழந்தை, முப்பது வயதில் முதல் தடவை டை அடிக்கும்போது முகமே வீங்கலாம். உடம்பு இருபது வருசத்துக்கு முன்னாலேயே குறித்து வைத்துவிட்டது. அதனால் பெண் பிள்ளைகளுக்குக் கருப்புக் கோன் வைக்காதீர்கள், வாசலில் இருக்கிற மருதாணி இலையைப் பறித்து அம்மியில் அரைத்து வையுங்கள்.

பொடுகைச் சொறிந்து மண்டை புண்ணாக இருப்பவர்கள், சோரியாசிஸ், எக்சிமா கிளம்பியிருப்பவர்கள், ஆறும் வரை பொறுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பதினாறு வயதுக்குக் கீழ் இருக்கிறவர்களுக்கு வேண்டாம், ஐரோப்பாவில் டை அட்டையிலேயே அப்படித்தான் எழுதுகிறார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு கூடுதல் விசயம். பாலியெஸ்டர் துணிக்குப் போடும் டிஸ்பெர்ஸ் சாயங்களில் சில, பிபிடி அலர்ஜி உள்ளவர்களுக்கு அதே அரிப்பைக் கொடுக்கும். சாயப்பட்டறையில், பிரிண்டிங்கில் வேலை செய்து கையில் அடிக்கடி தடிப்பு வருகிறது என்றால், டை அடிப்பதற்கு முன்னால் தோல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

படி 3: சோதனை, இதுதான் முக்கியம்

மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். முதல் தடவைக்கு மட்டும் இல்லை, ஒவ்வொரு தடவையும். மாமா ஆறு வருசத்தில் ஒரு தடவைகூடச் செய்யவில்லை.

பாக்கெட் இரண்டாக வாங்குங்கள், ஒன்று சோதனைக்கு. கிரீம் டை என்றால் ஒரு டியூபே போதும், மூடியை இறுக்கி வைத்துவிடலாம். ஒரு பிளாஸ்டிக் மூடியில் மிளகு அளவு கிரீம், அட்டையில் சொன்ன விகிதத்தில் டெவலப்பர், குச்சியால் கலக்குங்கள். தனி கிரீமை மட்டும் தடவாதீர்கள், தலையில் எப்படிப் போகுமோ அப்படியே கலந்துதான் பார்க்க வேண்டும். பவுடர் டை என்றால் ஒரு சிட்டிகை, தண்ணீர் சொட்டு. முழங்கையின் உள்மடிப்பிலோ காதுக்குப் பின்னாலோ சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, காது குடையும் பட்ஸால் ஒரு கடலைப் பருப்பு அகலத்துக்குத் தொட்டு வையுங்கள். காயவிடுங்கள். கட்டுப் போட வேண்டாம். சோதனைக்குக் கலந்தது மீதியிருந்தால் எறிந்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று டப்பாவில் அடைக்காதீர்கள், பெராக்சைடு கலந்தது காற்றுச் சேர்த்து மூடியைத் தள்ளிவிடும்.

பாக்கெட் சீட்டில் 24 மணி நேரம் என்று இருக்கும். நான் 48 மணி நேரம் என்று சொல்வேன், ஏனென்றால் இந்த அலர்ஜி தாமதமாக வருகிற ரகம், இரண்டாம் நாள்தான் பலருக்குத் தலைகாட்டும். அந்த இடத்தில் அதுவரை தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற வழக்கம் இருந்தால் குளித்து முடித்த பிறகு சாயங்காலம் தொட்டு வையுங்கள், ஞாயிறு சாயங்காலம் வரை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

தோலில் கருப்புக் கறை இருக்கும், அது வேறு. கறையைச் சுற்றிச் சிவப்பு, அரிப்பு, தொட்டால் மேடாகத் தெரிவது, மணல் மணலாகச் சின்னக் கொப்புளம், எரிச்சல், இதில் எது வந்தாலும் உடனே கழுவிவிட்டு டையைத் தூக்கிப் போடுங்கள். "லேசாத்தான அரிக்குது" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். கடலைப் பருப்பு அகலத்துக்கு லேசாக அரிப்பது, மண்டை முழுக்க அடித்தால் என்ன ஆகும் என்று மாமாவைக் கேட்டால் சொல்வார். ஒன்றும் வரவில்லை என்றால் ஆபத்து ரொம்பக் குறைவு என்று வைத்துக்கொள்ளலாம், இல்லவே இல்லை என்று வைத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் அடுத்த படி.

படி 4: நாள் பாருங்கள்

கல்யாணம், சீர், நோம்பி என்று ஏதாவது இருந்தால் அதற்கு முதல் நாள் டை அடிக்கவே கூடாது. வீக்கம் உச்சத்துக்குப் போவதே அடித்த ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள்தான். பத்து நாளைக்கு முன்னால் சோதனை, ஒரு வாரத்துக்கு முன்னால் டை. கலர் ஒரு வாரத்தில் எங்கேயும் போய்விடாது, நெற்றியோரக் கறையும் அதற்குள் போய் இயல்பாக இருக்கும்.

சீயக்காய் போட்டு அழுத்தித் தேய்த்துக் குளித்த அன்றைக்கே வேண்டாம். நகம் பட்டுக் கீறியிருக்கும், மண்டையில் இயல்பாக இருக்கிற எண்ணெயும் போயிருக்கும். ஒன்றிரண்டு நாள் கழித்து அடியுங்கள்.

படி 5: அடிக்கிற அன்று

சன்னல் திறந்திருக்கட்டும். கையுறை கட்டாயம், கிழிந்த கையுறை போட்டால் போடாததற்குச் சமம். நெற்றியோரம், காது மடல், காதுக்குப் பின்னால், பின்கழுத்து, எல்லா இடத்திலும் வாசலின் தடவுங்கள், தேங்காய் எண்ணெயைவிட அது நன்றாகத் தடுக்கும். கலக்குவதற்குப் பீங்கானோ பிளாஸ்டிக்கோ எடுங்கள், எவர்சில்வர் கிண்ணம் வேண்டாம், அதில் நாளைக்குக் குழந்தைக்குச் சோறு பிசைவோம்.

பிரஷை முடியில் ஓட்டுங்கள், மண்டையில் தேய்க்காதீர்கள். எண்ணெய் தேய்க்கிற மாதிரி விரலை விட்டு அழுத்தித் தேய்ப்பதுதான் நம் ஆட்களிடம் நான் பார்க்கிற பெரிய தப்பு. நன்றாகக் கறுக்கட்டும் என்று கூடுதலாகக் கால் மணி நேரம் வைத்திருப்பதும் அப்படித்தான். சொன்ன நேரத்துக்கு மேல் கலர் ஏறாது, தோலுக்குப் போகிறதுதான் ஏறும். நடுவில் எரிச்சலோ அரிப்போ வந்தால் மணி பார்க்காமல் கழுவிவிடுங்கள்.

கழுவும்போது தண்ணீர் நிறமில்லாமல் வடிகிற வரை விடுங்கள். அவிநாசி, பல்லடம் பக்கம் போர்த் தண்ணீர் உப்பு, முடி வறவறவென்று ஆகும் என்று சீக்கிரம் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. கடைசி ஒரு பக்கெட்டுக்கு மட்டும் நல்ல தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அலசுவதைக் குறைக்காதீர்கள்.

மீசைக்கு அடிக்கிற ஆண்கள்: மீசைக்கு அடியில் தோல் மெல்லிசு, பக்கத்திலேயே உதடும் மூக்கும். முடிந்தால் விட்டுவிடுங்கள். முடியாது என்றால் சுற்றி வாசலின் தடவி, சின்ன பிரஷால் முடி நுனியில் மட்டும் ஓட்டுங்கள், நாக்கால் உதட்டைத் தடவாதீர்கள்.

புருவம், இமை பக்கம் போகவே போகாதீர்கள். 1933-இல் அமெரிக்காவில் லாஷ் லூர் என்ற இமைச் சாயத்தில் பிபிடி இருந்து, பார்வை போனவர்களும் உண்டு, உயிரே போனதும் உண்டு. 1938-இல் அங்கே அழகுப் பொருள்களுக்குச் சட்டம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். தொண்ணூறு வருசம் கழித்தும் சில சலூன்களில் மீதி டையைப் புருவத்தில் ஒரு இழுப்பு இழுத்துவிடுகிறார்கள். கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

அப்புறம் எத்தனை நாளுக்கு ஒரு தடவை? எவ்வளவு தள்ளிப் போட முடியுமோ அவ்வளவு நல்லது. இரண்டாம் தடவை முழுத் தலைக்கும் அடிக்க வேண்டியதில்லை, புதிதாக வளர்ந்த வெள்ளைக்கு மட்டும் அடித்தால் போதும்.

சலூனில் அடிக்கிறவர்கள்

பாக்கெட்டை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள், வீட்டில் சோதித்த அதே டை. கிண்ணத்தில் ஏற்கெனவே கலந்து வைத்திருப்பதை ஏற்காதீர்கள். எங்கள் வீதியில் சலூன் வைத்திருக்கிற அண்ணனின் விரல் நுனிகளை ஒரு நாள் பார்த்தேன், பத்து விரலும் வெடித்து, நகத்தடி கருத்து, சோறு பிசைந்தால் எரிகிறது, ஸ்பூனில்தான் சாப்பிடுகிறேன் என்றார். இருபது வருசம் வெறும் கையால் டை கலந்த கை அது. முடி திருத்துகிறவர்களுக்கு இது தொழில் நோய். நீங்கள் கையுறை கேட்டு வாங்கினால் இரண்டு பேருக்கும் நல்லது. அவர் நைட்ரைல் கையுறைக்கு மாறியிருக்கிறார், கொஞ்சம் ஆறி வருகிறது.

கேன்சர் வருமா?

எல்லோரும் கேட்கிற கேள்வி, தெரிந்த அளவைச் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2010-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், வீட்டில் சொந்தத்துக்குச் சாயம் அடிப்பதைப் புற்றுநோய் தருமா இல்லையா என்று வகைப்படுத்தப் போதிய சான்று இல்லாத பட்டியலில் வைத்தது. முடி திருத்தும் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும் வாய்ப்பு உண்டு என்ற பட்டியல். 2020-இல் வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் 1,17,200 பெண்களை 36 வருசம் தொடர்ந்து பார்த்தார்கள். பெரும்பாலான புற்றுநோய்களுக்கும் நிரந்தரச் சாயத்துக்கும் தொடர்பு தெரியவில்லை, மார்பகப் புற்றுநோயில் சில வகை, கருப்பைப் பக்கத்துச் சினைப்பைப் புற்றுநோய் போன்ற சிலவற்றில் சிறிது கூடுதல் தெரிந்தது. என் கணக்கில், மாதம் இரண்டு தடவை முழுத் தலைக்கு அடிப்பதைக் குறைக்க இது போதுமான காரணம், ராத்திரி தூக்கம் கெடுவதற்குப் போதாது. அலர்ஜிதான் இன்றைக்கு நம் வீட்டில் நடக்கிற ஆபத்து.

வீங்கிவிட்டால்

உடனே இளஞ்சூட்டுத் தண்ணீரும் மென்மையான ஷாம்புவும் போட்டு நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். எலுமிச்சை, மஞ்சள், வேப்பிலை எதையும் அரைத்துப் போடாதீர்கள், வெந்த தோலுக்கு அது இன்னொரு எரிச்சல். மெல்லிய வெள்ளைத் துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து ஒற்றிக்கொடுங்கள். கண்ணில் பட்டிருந்தால் குழாயைத் திறந்து கால் மணி நேரமாவது கழுவிவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருந்துக் கடையில் போய் ஏதாவது ஆயின்மென்ட் கொடுங்கள் என்று வாங்கித் தடவ வேண்டாம், தோல் டாக்டர் பார்த்துக் கொடுக்கிற மருந்து வேறு, அளவு வேறு. டை பாக்கெட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். இமை வீங்கியவர் வண்டி ஓட்டக்கூடாது.

உதடு, நாக்கு, தொண்டை வீங்கினாலோ, குரல் கம்மினாலோ, மூச்சு இழுத்தாலோ யோசிக்கவே வேண்டாம், 108.

டை வாயில் போய்விட்டால் அது வேறு வகை ஆபத்து. தொண்டை சட்டென்று வீங்கி மூச்சை அடைக்கும், சதைகள் சிதைந்து சிறுநீர் காப்பி நிறத்தில் போகும், சிறுநீரகம் நின்றுபோகலாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள், முதல் நிமிசமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். டை பாக்கெட்டைக் கண்ணாடி அலமாரியில் பல்பொடிக்குப் பக்கத்தில் வைக்கிற பழக்கத்தை இன்றைக்கே விடுங்கள், பூட்டுகிற இடத்தில் வையுங்கள், ஒரு தடவைக்குத் தேவையானதுக்கு மேல் வீட்டில் சேர்க்காதீர்கள். வீட்டில் யாராவது மனசு உடைந்துபோய் இருந்தால் இதைக் கூடுதலாகக் கவனியுங்கள், 104-க்கோ 14416-க்கோ போன் போட்டால் பேச ஆள் இருக்கிறார்கள்.

ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்த பிறகு

வீக்கமெல்லாம் வற்றிய பின் தோல் டாக்டரிடம் பேட்ச் டெஸ்ட் செய்துகொள்ளுங்கள். மாமாவைக் கோயம்புத்தூர் கூட்டிப்போய்ச் செய்தோம். சின்னச் சின்னக் கிண்ணம் பதித்த டேப்பை முதுகில் ஒட்டி இரண்டு நாள் நனையாமல் வைத்தார்கள், எடுத்ததும் ஒரு தடவை, இன்னும் இரண்டு நாள் கழித்து ஒரு தடவை பார்த்தார்கள். மற்ற இடமெல்லாம் சும்மா இருக்க, ஒரே ஒரு வட்டம் மட்டும் செவந்து கொப்புளித்திருந்தது. அது பிபிடி.

கலர் வேண்டும் என்றால் மருதாணியும் அவுரியும் இருக்கிறது. முதலில் மருதாணி இரண்டு மூன்று மணி நேரம் வைத்து அலசிவிட்டு, அவுரிப் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து கால் மணி நேரத்துக்குள் பூசி ஒரு மணி நேரம் விட்டால் ஆரஞ்சின் மேல் நீலம் ஏறி அடர் பழுப்பாகவோ கருப்பாகவோ நிற்கும், கலர் முழுசாகத் தெரிய ஒரு நாளாவது ஆகும். பொடியாக வாங்கினால் அதன் பின்பக்கத்தையும் படியுங்கள், மருதாணி இலைப் பொடி, அவுரி இலைப் பொடி தவிர வேறு பெயர் இருக்கக்கூடாது. இதையும் கையில் தொட்டு வைத்து 48 மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும், சில பொடியில் சொல்லாமல் பிபிடி கலக்கிறார்கள்.

மாமா எதுவும் அடிப்பதில்லை. மீசை முழுக்க வெள்ளை. பேரன் பிறந்தபோது அவன் பிடித்து இழுத்தது அந்த வெள்ளை மீசையைத்தான். பர்சில் ரேசன் கார்டு நகலுக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு வைத்திருக்கிறார், "பிபிடி அலர்ஜி, பென்சோகெய்ன் தவிர்க்கவும்" என்று டாக்டர் எழுதிக் கொடுத்தது. பென்சோகெய்ன் என்பது மரக்க வைக்கிற மருந்து, சில வாய்ப்புண் ஜெல்லிலும் மூல ஆயின்மென்ட்டிலும் இருக்கும், பிபிடி ஆகாதவர்களில் சிலருக்கு அதுவும் ஆகாது. போன மாதம் பல் பிடுங்கப் போனபோது நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் அந்தச் சீட்டைத்தான் முதலில் எடுத்து நீட்டினார்.